இரண்டு தட்டினால் நிற்கும் வண்டி

போன வாரம் எங்கள் பழைய நாய்ப் பிரிவிலிருந்து இரண்டு இளம் ஓட்டுநர்கள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், வண்டிப் பராமரிப்பைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி என்றார்கள். நாலு வரியில் முடித்துவிடலாம். எண்ணெய் பார், தண்ணீர் பார், டயர் பார், வாயை மூடு. நாலாவதை நான் பணியில் இருந்தவரை ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை என்பதால் கொஞ்சம் நீளும். துறையின் பெயரை எழுதப் போவதில்லை. விருப்ப ஓய்வில் வந்தவனுக்கும் ஓய்வூதியம் உண்டு, அதன்மேல் எனக்கு மரியாதையும் உண்டு.

வண்ணார்பேட்டைப் பட்டறை ஒன்றில் ஸ்பேனர் பிடித்தேன், லாரி ஓட்டினேன், தேர்வு எழுதினேன், அரசாங்க ஓட்டுநர் ஆனேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று சொல்லலாம்: எனக்கு நாய் என்றால் பயம். நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நியமன ஆணையில் 'நாய்ப் பிரிவு' என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயம் வந்தால் சிரிப்பது எனக்குப் பிறவிக் கோளாறு.

சேர்ந்த முதல் நாள் கறுப்பு லாப்ரடார் குட்டி ஒன்று என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. மல்லி என்று பெயர். நான் வண்டியின் கூரையில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. பிரிவின் பொறுப்பாளர் சங்கரலிங்கம் பிள்ளை வந்து கீழே நின்றார். நெற்றியில் பட்டையாக விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"மேல என்னவே பாக்கீரு?"

"ஆண்டெனா சரியா இருக்கான்னு பாக்கேன் ஐயா."

"இந்த வண்டிக்கு ஆண்டெனா கெடையாது. பைய எறங்கும்."

அவ்வளவுதான். சிரிக்கவில்லை, திட்டவில்லை, அதைப் பிறகு யாரிடமும் சொல்லவும் இல்லை. நானாக இருந்தால் ஒரு மாதம் சொல்லித் திரிந்திருப்பேன்.

பிள்ளை ஐயாவுக்கு ஊர் ஆழ்வார்திருநகரி. முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். ஆனால் தினமும் காலையில் நாய்களுக்கு வரும் இறைச்சியைக் குனிந்து மோந்து பார்ப்பார். சரியில்லை என்றால் கையால் ஒதுக்குவார். கடைக்காரன் கெஞ்சினாலும் ஒரு சொல் பேசமாட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குரலை உயர்த்துகிறவரைச் சமாளித்துவிடலாம். தாழ்த்துகிறவரிடம்தான் தப்பிக்க முடியாது.

கூரையில் நான் ஏறியிருந்த அந்த வண்டி, வேறொரு பிரிவு வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒன்று. நான்கு சக்கரமும் இழுக்கும் வேன். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருந்தது. முன்னால் உட்காருகிறவன் பத்தமடை போவதற்குள் பாதி வெந்துவிடுவான். பின்பக்கத்தை நாய்களுக்குத் தகுந்தபடி மாற்றும் வேலையை ஐயாவும் நானும் கொட்டகையில் வைத்துச் செய்தோம்.

இருக்கைகளைக் கழற்றினோம். தரையில் கனமான பலகை, அதன்மேல் அலுமினியத் தகடு, அதற்கும் மேல் ரப்பர் விரிப்பு. கழுவினால் தண்ணீர் தங்கக்கூடாது என்று தரையைப் பின்பக்கம் லேசாகச் சாய்த்தோம். கோடைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் ஆசையாகப் பத்தமடைப் பாய் வாங்கி விரித்தேன். மல்லி அதை மத்தியானத்துக்குள் தின்று முடித்தது. கூண்டின் அளவுக்கு ஐயா ஒரே கணக்கு வைத்திருந்தார். நாய் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதற்கு மேல் இடம் விட்டால் வளைவில் உருண்டு அடிபடும். ஓட்டுநர் பக்கத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் முழுத் தடுப்பு, இடைவெளியெல்லாம் அடைத்து. மேலே காற்றுக்குத் திறப்பு. கதவில் வெளித் தாழ்ப்பாள் மட்டும்.

"உள்ள இருந்து தெறக்க ஒண்ணு வச்சுருவமா ஐயா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகத் தீர்க்கதரிசனமான கேள்வி அது.

"நாய்க்குத் தாழ்ப்பாள் தெறக்கத் தெரியாதுல்லா. அப்ப உமக்கும் வேண்டாம்."

எனக்கு எதற்கு என்பது அடுத்த நாள் விளங்கியது. பிள்ளை ஐயாவின் விதி இதுதான்: வண்டியில் எந்த வேலை நடந்தாலும், ஒரு திருகாணியை மாற்றினாலும், அடுத்து நாய் ஏறுவதற்கு முன் வேலை செய்தவன் கூண்டுக்குள் ஏறிப் படுக்க வேண்டும். கதவைத் தாழிட்டு, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்டி ஓட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

"நாய் வாய் பேசாதுவே. நீரு பேசாம இருக்க மாட்டீரு. அதனால நீரு முதல்ல ஏறும்."

தடுப்பில் தட்டுவதற்கு ஒரு மரக்கட்டை கொடுத்தார். ஒரு தட்டு என்றால் நலம். இரண்டு தட்டு என்றால் வண்டி நிற்கும். ஓட்டியது அவர். அதிகாரி ஓட்டுகிறார், ஓட்டுநர் நாய்க் கூண்டில் கிடக்கிறான். பாளையங்கோட்டையில் கிளம்பி மேலப்பாளையம் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகள் தீர்ந்துபோய், அந்தோணியின் சாமிகளுக்கு வந்திருந்தேன். அந்தோணி மல்லியைப் பழக்குகிறவன். முன்னீர்பள்ளத்தில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வர, வண்டி நின்றது. டீக்கடையிலிருந்து ஒருவர் வந்து வண்டியின் ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, நாய் புடிக்கப் போயி நீங்க மாட்டிக்கிட்டியளா?"

"கடிச்சிருவேன், தள்ளிப் போங்க," என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. நான் அழாமல் இருந்தது அந்தச் சிரிப்பினால்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கூண்டில் மல்லாந்து கிடந்து தெரிந்தது. ஒரு போல்ட்டின் முனை சரியாக நாயின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கத் தரை, அடியில் புகைக்குழாய் போவதால் தோசைக்கல்லாகக் காய்ந்தது. நான்கு டயரில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், எஞ்சினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒரு மாதிரி முனகும். ஓட்டுகிறவனுக்கு அது கேட்காது. தரையில் காது வைத்துக் கிடப்பவனுக்குக் கேட்கும்.

பயத்தில் நான் சும்மா தட்டியதும் நிறைய. ஒருமுறை பல்லி. ஒருமுறை அச்சு உடைகிற சத்தம். பார்த்தால் என் நெஞ்சுத் துடிப்பு. ஒவ்வொரு தடவையும் ஐயா வண்டியை ஓரங்கட்டுவார், இறங்குவார், வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, கதவைத் திறந்து என்னைப் பார்ப்பார். "சரி," என்பார். தாழ்ப்பாள் விழும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஐயா, நான் சும்மா தட்டுதனா, நெசமாத் தட்டுதனான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதாம் நிக்கேன்."

இப்படியே பல வருடம். மல்லி வளர்ந்து எங்கள் பிரிவின் முதல்தர மோப்ப நாய் ஆனது. என் பயம் அதனிடம் மட்டும் தோற்றது. மற்ற நாய்களுக்கு இன்றும் நான் ஆண்டெனா பார்ப்பவன்தான்.

ஒரு ஐப்பசி மழையில் அந்த அழைப்பு வந்தது. களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில், மாட்டைத் தேடிப் போன பேச்சிமுத்து என்பவர் வீடு திரும்பவில்லை. ஊரார் தேடி அலுத்துவிட்டார்கள். முந்தைய நாள்தான் எங்கள் வண்டியின் சைலன்சரைக் கழற்றி மாட்டியிருந்தோம். அந்தோணி மல்லியோடு தயாராக நின்றான். ஐயா மரக்கட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஐயா, ஆளு அங்க சாகக் கெடக்கான். இன்னிக்கு ஒருநா விட்டுருவமே," என்றேன். பேச்சிமுத்துவின் மேல் அக்கறை என்று எழுத ஆசைதான். அடைமழையில் அந்தக் கூண்டுக்குள் போகப் பயம் என்பதே சரி.

"பொகை மூக்குல ஏறிட்டுன்னா மல்லிக்கு அன்னைக்கு பூரா ஒண்ணும் தெரியாதுவே. அங்க போயி நீரு மோப்பம் புடிப்பீரா? ஏறும்."

ஏறினேன். மேலப்பாளையம் தாண்டியதும் தலை கனத்தது. தொண்டையில் ஒரு கரகரப்பு. எஞ்சின் புகை வாடை. உண்மையா, என் பயம் புதிதாக வாடை காட்டப் பழகிவிட்டதா என்று எனக்கே சந்தேகம். என்னை நானே நம்பாமல் கொஞ்ச தூரம் கிடந்தேன். பிறகு இரண்டு தட்டு தட்டினேன்.

வண்டி நின்றது. ஐயா கதவைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்து மூச்சை இழுத்தார். கொட்டுகிற மழையில், அந்த வெள்ளைச் சட்டையோடு, சாலைச் சகதியில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். நானும் போனேன். சைலன்சர் இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் கிழிந்து, தரைத் தகட்டின் ஓரம் கதவு ரப்பர்வரை கரிக்கோடு போட்டிருந்தது. பெட்டியில் மாற்று கேஸ்கெட் இருந்தது. மாற்றி இறுக்கினோம். கிழிந்ததைச் சகதியில் எறிந்தேன். கரியைத் துணியால் துடைத்தேன். மல்லி படுக்கும் இடம் அல்லவா. போனது, மாற்றியது, திரும்பியது எல்லாமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

பிறகு மல்லியை ஏற்றிக்கொண்டு சேரன்மகாதேவி வழியாகக் களக்காடு. அதற்கு மேல் பாதை என்று ஒன்று இல்லை. ஓடைத் தண்ணீரும் சரளையும் சேறும்தான். நான்கு சக்கரமும் இழுக்க, வண்டி எருமை மாதிரி ஏறியது. ஊராரின் ஜீப் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. பேச்சிமுத்துவின் துண்டை மோந்துவிட்டு மல்லி கிளம்பியது. மழையில் வாடை கரையும் என்பார்கள். அது எங்கே பிடித்ததோ, மாலை மங்குவதற்கு முன் ஒரு பாறைச் சரிவுக்குக் கீழே போய் நின்று குரைத்தது.

ஆள் உயிரோடு இருந்தார். இடுப்புக்குக் கீழ் அசைவில்லை. தண்ணீர் கேட்டார். தூக்கி வந்து, கூண்டின் நடுத் தட்டியைக் கழற்றி இடம் பண்ணி, ரப்பர் விரிப்பில் கிடத்தினோம். வேறு எந்த வண்டியும் அங்கே ஏறாது. அவர் நடுங்கியதால் மல்லியை அணைத்தாற்போல் படுக்க வைத்தான் அந்தோணி. பிள்ளை ஐயா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார். கதவைத் தாழிட்டேன்.

இறக்கம் முழுக்க என் காது தடுப்பில்தான் இருந்தது. சத்தமே இல்லை. மலையடிவாரம் தாண்டி, தார்ச்சாலை பிடித்து, மிதிக்கிற மட்டும் மிதித்தேன். களக்காட்டு விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது, தடுப்பில் இரண்டு தட்டு விழுந்தது.

நிறுத்தி, ஓடிப்போய்த் திறந்தேன். ஐயா என்னைப் பார்த்தார்.

"இனி பையப் போலாம்வே."

மருத்துவமனை வாசலில் பேச்சிமுத்துவின் மகள் நின்றாள். கல்யாணமான பெண். அவள் கத்தவில்லை. ஐயாவிடம் வந்து, "காலையிலேயே சொல்லி விட்டோமே சார், ஏன் லேட்டாச்சு?" என்று மட்டும் கேட்டாள். ஐயா உள்ளதைச் சொன்னார். வண்டியில் புகை வந்தது, நாய்க்கு ஆகாது, சரிசெய்தோம் என்றார். பொய் சொல்லத் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம். நான் இருந்தேன். எனக்கு வாய் வரவில்லை. வேண்டாதபோதெல்லாம் வருகிற வாய்.

பேச்சிமுத்துவின் சாவுக்கு விசாரணை வந்தது. வெளியிலிருந்து ஓர் அதிகாரி. நல்ல மனிதர்தான், எனக்குத் தேநீர்கூடக் கொடுத்தார்.

"புகை வந்ததா, இல்லை பயந்துட்டீங்களா?"

"ரெண்டும் வந்துச்சு சார்."

அது சத்தியமான பதில். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் முகம் அப்படி. துக்க வீட்டில்கூட என்னைப் பார்த்தால் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்.

"இதுக்கு முன்னாடி இப்படித் தட்டி வண்டியை நிறுத்தியிருக்கீங்களா?"

"நெறைய தடவை சார்."

"எதுக்கெல்லாம்?"

பல்லி என்றேன். நெஞ்சுத் துடிப்பைச் சொன்னேன். மறைக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்த கேஸ்கெட் எங்கே?" என்று கேட்டார். அது முன்னீர்பள்ளத்துச் சகதியில் இருந்தது. புகையைக் கண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர், இன்னொருவன் கோமாளி. பிரிவில் எல்லோரையும் சிரிக்க வைத்தே காலம் தள்ளியவன் ஒருநாள் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தால், அதற்கும் சிரிப்பார்கள். சிரிக்கப் பழக்கியது அவன்தானே.

"இந்த நாய் இல்லேன்னா அந்த ஆள் இன்னைக்கும் அந்தப் பாறைக்கடியிலதான் கெடப்பான்," என்று ஐயா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம். எடுபடவில்லை. ஒரு நாயின் சௌகரியத்துக்காக மனித உயிரைக் காப்பதைத் தாமதப்படுத்தியவர் என்று முடிவாயிற்று. அவரை நாய்களிடமிருந்து எடுத்து, பழைய டயரும் கயிறும் அடுக்கியிருக்கும் கிட்டங்கிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா நடக்கவில்லை. அந்தோணியும் நானும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனோம். "நாய்க்குத் தண்ணி வச்சாச்சா?" என்று கேட்டார். மாலையை மேசையில் வைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

பெட்டி ஓட்டத்தைச் சுற்றறிக்கை போட்டு நிறுத்தினார்கள். விலங்குக் கூண்டில் பணியாளர் பயணிப்பது மனித மாண்புக்கு ஆகாது என்று அதில் இருந்தது. என் மாண்பைப் பற்றி அரசாங்கம் கவலைப்பட்டது அந்த ஒரு தடவைதான். மாண்பு திரும்பக் கிடைத்த அன்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி உள்ளே கிடக்க வேண்டாமே.

புதிய வண்டி வந்தது. இதுவும் நான்கு சக்கரமும் இழுப்பதுதான். எல்லாம் வெளியூரில் ஒரு நிறுவனத்தில் செய்து, பளபளவென்று முடித்து அனுப்பியது. எவர்சில்வர் கூண்டு, குளிர்சாதனம், ஓட்டுநருக்கு முன்னால் சின்னத் திரை. நாய் என்ன செய்கிறது என்று கேமராவில் பார்க்கலாம். புதிய பொறுப்பாளர் மரியாதையானவர். என்னையே சார் என்பார். "இனிமே யாரும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டாம், திரையிலேயே தெரியும்," என்றார். உண்மைதான். தெரிந்தது.

பாபநாசத்தில் ஒரு சோதனைப் பணி. முடித்துவிட்டு முக்கூடல் வழியாகத் திரும்பினோம். நான் ஓட்டினேன், அந்தோணி பக்கத்தில். கொளுத்துகிற வெயில். கரும்பு லாரி ஒன்றின் பின்னால் மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். திரையில் மல்லி காலை நீட்டிப் படுத்திருந்தது.

"வயசாயிட்டுல்லா அண்ணாச்சி, இப்பல்லாம் ஏறின ஒடனே தூங்கிருது," என்றான் அந்தோணி.

"ஏசி காத்துல நானும் தூங்குவேன்ல," என்றேன்.

பாளையங்கோட்டை வந்து கதவைத் திறந்தபோது மல்லி எழுந்திருக்கவில்லை. அந்தோணி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கையால் தொட்டான். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தான், இறங்கவில்லை.

வயது மூப்பு என்று எழுதினார்கள். தேசியக்கொடியெல்லாம் போர்த்தி, நன்றாகத்தான் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தோணியைக் கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, சர்க்குலர் இருக்குல்லா."

"மல்லிக்கு அதப் படிச்சுக் காட்டுனியால? ஓட்டு."

எவர்சில்வர் கூண்டில் படுத்தேன். இதிலும் உள்ளிருந்து திறக்கத் தாழ்ப்பாள் இல்லை. குளுகுளுவென்று காற்று வந்தது. வாடை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பயம்கூட வரவில்லை, சுகமாக இருந்தது. அவனை ஒரு டவுன் பஸ்ஸின் பின்னாலேயே மெதுவாகப் போகச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றி விண்விண் என்று தெறித்தது, கை கனத்தது. தட்ட வேண்டும் என்று நினைப்பதற்கும் தட்டுவதற்கும் நடுவில் ஒரு சோம்பல் வந்து உட்கார்ந்தது. எப்படியோ இரண்டு தட்டு தட்டினேன். அவன் நிறுத்தி ஓடிவந்து திறந்தான்.

"திரையில நல்லாத் தூங்குத மாதிரில்லா இருந்திய அண்ணாச்சி," என்றான். சொன்னதும் அவன் முகம் மாறியது.

கூண்டின் குளிர்சாதனத்துக்கு வெளிக்காற்றை இழுக்கும் வாயை, பின்பக்கத்தில் புகைக்குழாய்க்கு நேர் மேலே வைத்திருந்தார்கள். வண்டி வேகமாகப் போனால் ஒன்றுமில்லை. ஊர்ந்தால், தன் புகையைத் தானே குடிக்கும். பார்க்க அழகாக, ஒரு சல்லடை மூடியோடு இருந்தது. புதிய பொறுப்பாளரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. காற்று வாயைக் கூரைக்கு மாற்றவும், புகைக்குழாயைப் பக்கவாட்டில் நீட்டவும் அந்த வாரமே ஏற்பாடு செய்தார். 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதிக்கொள்ளலாம் சார் என்றார். மல்லியின் கோப்பில் மட்டும் வயது மூப்பு என்பது வயது மூப்பாகவே இருந்தது. மறு மாதம் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை, முதல் வேலையாக ஆழ்வார்திருநகரிக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். ஐயா சொன்னது சரி என்று நிரூபணமாகிவிட்டது, அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்று என்ன சொல்வார்கள், பெட்டி ஓட்டம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது, இப்படி. ஒரு தீர்ப்பைக் கையில் கொண்டுபோகிறவன் போல நெஞ்சை நிமிர்த்தித்தான் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

பிள்ளை ஐயா இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் ஆரம்பித்து, கூண்டில் நாய் செத்தது, காற்று வாய், புகைக்குழாய், பஸ்ஸின் பின்னால் போனது, என் கை கனத்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நடுநடுவே வேடிக்கையாகக்கூடச் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை.

"நாம சொன்னதுதான் சரின்னு ஆயிட்டுல்லா ஐயா," என்று முடித்தேன்.

"எந்த நாய்?"

அதுவரை நான் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மல்லி ஐயா."

"நீரா ஓட்டுனீரு?"

"ஆமா ஐயா."

தலையை ஆட்டினார். எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். காப்பி வந்தது. குடித்தேன். காத்திருந்தேன். கொஞ்சம் கழித்து அவர் மனைவி கதவோரம் வந்து நின்றார்.

"அவுக படுத்துட்டாக. நீங்க போயிட்டு இன்னொரு நாள் வாங்க."

அப்போது மணி காலை பத்துகூட ஆகியிருக்காது. இன்னொரு நாள் நான் போகவில்லை.